3 மணிக்குள் நங்கூரம்: வெப்பமண்டலத் தீவுகளில் பாய்மரப் படகில் ஒரு வாரம்

முதல் தடவை பாய்மரப் படகில் தீவுகளைச் சுற்றத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்துத் தீவுகளை எண்ணத் தொடங்குகிறார்கள். ஏழு நாளில் ஏழு தீவு, முடிந்தால் எட்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் குறித்துக்கொள்வது வேறொன்றை: ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3 மணிக்கு எங்கே நங்கூரம் போட்டிருப்போம்? காலையில் எப்போது கிளம்புவது, எவ்வளவு தூரம் போவது, எந்தத் தீவை விட்டுவிடுவது என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும். ஏன் 3 மணி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் முடிவெடுக்க வேண்டியவை சில உண்டு.

காற்றைப் பார்த்து இடம்

இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, விடுமுறை கிடைக்கிற தேதியில் கிளம்பிவிடாதீர்கள். உங்களுக்கு எந்த மாதத்தில் விடுமுறையோ, அந்த மாதத்தில் காற்று எங்கே சரியாக இருக்கும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் குளம்போல் கிடக்கும் கடல் ஆகஸ்டில் ஆளைப் புரட்டி எடுக்கலாம்.

கரீபியன் தீவுகளுக்கு டிசம்பர் முதல் மே வரை நல்ல காலம். வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து 15 முதல் 20 நாட் வேகத்தில் விடாமல் வீசும். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.) டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அது வலுத்து 25 நாட் வேகத்தைத் தாண்டி நாட்கணக்கில் அடிப்பதுண்டு. அதைக் கிறிஸ்துமஸ் காற்று என்பார்கள். அதனால் புதியவர்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் என் பரிந்துரை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளைச் சூறையாடியபோது, பாதுகாப்பாகக் கட்டி வைத்திருந்த வாடகைப் படகுகளே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தெற்கே தள்ளி இருப்பதால் சூறாவளி வராது என்று பலர் நம்பிய கிரெனடாவை 2004இல் ஐவன் தாக்கியது. அதன் துணைத்தீவான கரியக்கூவை 2024 ஜூலை 1 அன்று பெரில் தாக்கியது. அந்த மாதங்களில் வாடகை குறைவாக இருக்கும். அதற்காக முதல் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ள வேண்டாம்.

தாய்லாந்தின் புக்கெட் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். கடல் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று மழையோடு வரும். செஷல்ஸில் மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வலுவாக வீசும். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் அக்டோபர் கடைசியிலும் காற்று மெலியும். பாய்க்கு அது கொஞ்சம் குறைவுதான், ஆனால் புதியவர்களுக்கு நிம்மதி. ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுக்கூட்டத்துக்கும் தென் பசிபிக்கின் டோங்காவுக்கும் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆக, அங்கே போக ஏற்றது நடு ஆண்டு. டோங்காவின் வவாவு தீவுகளுக்கு ஜூலை முதல் அக்டோபருக்குள் போனால், குட்டி ஈன வந்திருக்கும் திமிங்கிலங்களைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

முதல் பயணத்துக்கு ஒரே ஓர் இடம் சொல் என்று கேட்டால் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளைத்தான் சொல்வேன். ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஓடும் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாயை இரண்டு பக்கமும் தீவுகள் மறைத்து நிற்பதால் பெரிய அலை அவ்வளவாக உள்ளே வராது. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் அரை மீட்டருக்குள்தான். விட்சண்டேயில் படகை வாடகைக்கு எடுக்க உரிமம்கூடக் கேட்பதில்லை. ஆனால் அங்கே ஓதம் 3, 4 மீட்டர் வரை ஏறி இறங்கும், நீரோட்டமும் அதற்கேற்ப இழுக்கும். உரிமம் கேட்காததால் அதை எளிதான இடம் என்று நினைத்துவிடக் கூடாது.

யார் ஓட்டுவது?

படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதை பேர்போட் என்பார்கள். அதற்குப் பெரும்பாலான இடங்களில் ஒரு சான்றிதழோ, இதுவரை என்னென்ன படகை எங்கெங்கே ஓட்டினீர்கள் என்ற அனுபவக் குறிப்போ கேட்பார்கள். இரண்டாவது வழி, படகோடு அதை ஓட்டும் தலைவரான ஸ்கிப்பரையும் அமர்த்திக்கொள்வது. மூன்றாவது, பலர் சேர்ந்து போகும் படகில் ஓர் அறையை மட்டும் பதிவு செய்வது. இவை தவிர, ஃப்ளோட்டில்லா என்று பத்துப் படகுகள் ஒரு வழிகாட்டிப் படகின் பின்னால் சேர்ந்து போகும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு.

உங்கள் கூட்டத்தில் யாரும் இதுவரை ஒரு படகை நங்கூரம் போட்டு இரவு முழுக்க நிறுத்தியதில்லை என்றால், வாரம் முழுவதற்கும் ஸ்கிப்பர் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து நாள் பயிற்சி எடுத்தவர் ஒருவர் இருந்தால், முதல் இரண்டு நாளுக்கு ஸ்கிப்பரை வைத்துக்கொண்டு அப்புறம் தனியாகப் போகலாம். ஸ்கிப்பரை ஓட்டுநராக மட்டும் பார்க்காதீர்கள். சுக்கானை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார் என்று கேளுங்கள். அவருக்கும் படுக்க ஓர் அறையும் சாப்பாடும் வேண்டும் என்பதைப் படகு எடுக்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு ஒற்றை உடலா, இரட்டை உடலா? கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. இன்றைய வாடகைக் கேட்டமரானோ இரண்டு உடல்களுக்கு நடுவே ஒரு வீட்டையே வைத்துக் கட்டியது. அது சாயாது. ஆழம் குறைந்த இடத்திலும் போகும்: 40 அடிக் கேட்டமரானுக்கு சுமார் 1.2 மீட்டர் ஆழம் போதும், அதே நீள ஒற்றை உடல் படகுக்கு 2 மீட்டர் வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் வந்தால் கேட்டமரான்தான். பாய் விரித்துப் போவதன் சுகமே முக்கியம் என்பவர்கள் ஒற்றை உடல் படகை எடுங்கள். அது காற்றை எதிர்த்து நன்றாக ஏறும், வாடகையும் குறைவு. எதுவானாலும் பழைய கீறல்களுக்கு உங்கள் வைப்புத்தொகையில் கை வைக்காதபடி, படகை வாங்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழித்தடம்

வாடகைப் படகின் சராசரி வேகம் மணிக்கு 5 கடல் மைல். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படியானால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 20 கடல் மைல். அதுவும் காற்று பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வந்தால்தான். எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போகாது. காற்றுக்கு சுமார் 45 டிகிரி சாய்வில் இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற முடியும். வரைபடத்தில் 15 மைல் என்பது அப்போது 21 மைலுக்கு மேல் ஆகிவிடும். கூடவே அலையும் முகத்தில் அடிக்கும்.

ஆகவே வரைபடத்தின் மேல் முதலில் காற்றின் திசையை ஓர் அம்பாக வரைந்துகொள்ளுங்கள். எதிர்க்காற்றில் போக வேண்டிய தூரத்தைப் பயணத்தின் முதல் பாதியில், அதுவும் காலை நேரத்தில் முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளும் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். களைத்துப்போன ஆட்களோடு, விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில், எதிர்க்காற்றில் திரும்பி வருவதுபோல் ஒரு தண்டனை இல்லை.

முதல் நாள் படகைக் கையில் வாங்கி, சாமான் ஏற்றி, விளக்கம் கேட்டு முடிக்கவே நண்பகல் தாண்டிவிடும். அன்று ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் விரிகுடா போதும். கடைசி இரவும் அப்படியே, துறைமுகத்துக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு நாளை எதுவும் குறிக்காமல் விட்டுவிடுங்கள். பிடித்த இடத்தில் இன்னொரு இரவு தங்கவோ, காற்று அடங்கும்வரை காத்திருக்கவோ அது கைகொடுக்கும்.

அனகாடா மாதிரியான இடங்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் மற்றவை எல்லாம் மலைகள். இது ஒன்று மட்டும் பவளத்தட்டு. மிக உயர்ந்த இடமே 8 மீட்டர் சொச்சம்தான். கிட்டே போகும்வரை நிலம் கண்ணில் படாது, முதலில் தெரிவது மரங்களின் உச்சி. அதற்குத் தென்கிழக்கே ஹார்ஸ்ஷூ பவளத்திட்டு நீண்டு கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்குக் காலையிலேயே கிளம்பி, வெயில் உச்சியில் இருக்கும்போது போய்ச் சேருங்கள். ஒரு நாட்டின் தீவிலிருந்து இன்னொரு நாட்டின் தீவுக்குப் போவதானால், முதலில் அந்த நாட்டின் சுங்க, குடியேற்றத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை மஞ்சள் கொடி பறக்க வேண்டும்.

வெளிச்சமும் நங்கூரமும்

சரி, 3 மணி விஷயத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு பவளத் தீவுக்குள் மாலை ஐந்தரை மணிக்கு நுழைந்தோம். வழியில் நீந்துவதற்காக நின்றதில் நேரம் போய்விட்டது. சூரியன் நேர் எதிரே. தண்ணீரின்மேல் வெள்ளித் தகடு விரித்ததுபோல் ஒரே பளபளப்பு, அடியில் இருப்பது எதுவும் தெரியவில்லை. ஆழமானியில் 6 மீட்டர் என்று இருந்தது 4 ஆனது, பிறகு 2.3. எங்கள் படகுக்கு 2 மீட்டர் வேண்டும். மெதுவாகப் பின்வாங்கி, வந்த வழியே வெளியேறி, தீவுக்கு வெளியே அலை உருட்டும் இடத்தில் இரவைக் கழித்தோம். ஒருவரும் தூங்கவில்லை. மறுநாள் காலை 10 மணிக்கு, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, அதே வழியில் போனோம். முந்தின மாலை நாங்கள் நின்ற இடத்துக்கு இரண்டு படகு நீளத்துக்கு அப்பால் பழுப்பு நிறத்தில் பவளப்பாறை கிடந்தது. சின்னப் பையன்கூட அதைக் கை நீட்டிக் காட்டினான்.

பவளக் கடலில் கண்தான் முதல் கருவி. கருநீலம் என்றால் ஆழம். வெளிர்நீலமும் பச்சையும் ஆழம் குறைந்த மணல் தரை. வெளுத்துப்போன பச்சை என்றால் இடுப்பளவு தண்ணீர். பழுப்பும் மஞ்சளும் பவளம். அந்தப் பக்கமே போகாதீர்கள். இந்த நிறங்கள் எல்லாம் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, சூரியன் உயரத்திலோ உங்களுக்குப் பின்னாலோ இருக்கும்போதுதான் தெரியும். போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவரைப் படகின் முன்முனையில் நிறுத்துங்கள். மேக நிழலும் பவளம்போலவே தெரியும். ஆனால் அது நகரும். வெப்பமண்டலத்தில் அந்திப்பொழுதும் குறுகியது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். இரவில் படகை ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும்.

நங்கூரத்தைப் போடுவது மணலில் மட்டும். பவளத்தின்மேல் விழும் நங்கூரமும் அதன்பின் இழுபடும் சங்கிலியும் பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நிமிடத்தில் நொறுக்கிவிடும். படகைக் கட்டி நிறுத்த மிதவைகள் போட்டிருக்கும் விரிகுடாவில் மிதவையையே பயன்படுத்துங்கள்.

எவ்வளவு சங்கிலி விடுவது? தண்ணீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை வரையுள்ள உயரத்தையும் கூட்டி, அதை ஐந்தால் பெருக்குங்கள். 4 மீட்டர் ஆழமும் ஒன்றரை மீட்டர் உயரமும் என்றால் 5.5, அதாவது 27 மீட்டருக்கு மேல் சங்கிலி. இரவில் ஓதம் 2.5 மீட்டர் ஏறும் இடமானால் கணக்கு 8 மீட்டருக்குப் போகும், 40 மீட்டர் விட வேண்டும். காற்று வலுத்தால் இன்னும் கூடுதல். படகைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, நங்கூரம் தரையைத் தொட்ட பிறகு மெதுவாகப் பின்னால் போக விட்டுச் சங்கிலியை நீளமாகக் கிடத்துங்கள், குவியலாகக் கொட்டாதீர்கள். கடைசியில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். சங்கிலியின்மேல் கையோ பாதமோ வைத்தால் அதிர்வு தெரியும். அடுத்தடுத்துக் கடகடவென்று குதித்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது. இறுகி அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது.

அப்புறம் முகமூடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நங்கூரத்தை நேரில் பாருங்கள். அந்த நாளின் முதல் நீச்சல் அதுதான். முனை மணலுக்குள் புதைந்து, தண்டு மட்டும் வெளியே தெரிந்தால் நல்ல பிடி. பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால் எடுத்து மறுபடி போடுங்கள். 3 மணிக்கு வந்தவர்களுக்கு மூன்று தடவை போட நேரம் இருக்கும். கரையில் இரண்டு மரங்களையோ பாறைகளையோ நேர்கோட்டில் அடையாளம் வைத்துக்கொண்டு அரை மணி கழித்துப் பாருங்கள். இரவில் கைபேசியில் நங்கூர எச்சரிக்கைச் செயலியை ஓட விடுங்கள்.

படகைக் கையில் வாங்கும் நாள்

படகைக் காட்டி விளக்குபவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். முழுவதையும் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். நங்கூர இயந்திரத்தின் மின்சுவிட்ச் எங்கே, எரிவாயு வால்வு எங்கே, அடித்தட்டு நீரை இறைக்கும் பம்ப் எங்கே என்று நள்ளிரவில் தேடும்போது அது உதவும். எஞ்சினை உங்கள் கையாலேயே கிளப்பி, அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை கிளப்பியதும் படகின் பின்பக்கம் குனிந்து, புகைக்குழாயிலிருந்து தண்ணீர் துப்பிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் குளிர்விக்கும் குழாய் அடைபட்டிருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பாய்களை முழுதாக விரித்தும் சுருக்கியும் பாருங்கள். உயிர்காப்பு உடைகளை எண்ணுவதோடு விடாமல், ஒவ்வொருவரும் தன் அளவுக்கு இழுத்துக் கட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்கிப்பரைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது எஞ்சினை இயக்கவும் வானொலியில் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். விஎச்எஃப் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் அவசர அழைப்புக்கானது. உயிருக்கு ஆபத்து என்றால் “மேடே” என்று மூன்று முறை, பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வழிகாட்டி மிதவைகளின் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியனிலும் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு வலப்பக்கம் இருக்கும். செஷல்ஸ், தாய்லாந்து, ஆஸ்திரேலியாவில் சிவப்பு இடப்பக்கம்.

படகில் வாழ்வது

தண்ணீர்தான் முதலில் தீரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் ஆறு பேருக்கு 120 லிட்டர். 600 லிட்டர் தொட்டி ஐந்து நாள் வரும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குடிநீரைத் தனியாக வாங்கி வையுங்கள். குளிர்பெட்டியும் விளக்கும் பேட்டரியை உறிஞ்சும். அதை ஏற்ற எஞ்சினைத் தினமும் ஓட்ட வேண்டியிருக்கும். கழிப்பறைக் குழாய் மெல்லியது. வாய் வழியாக உள்ளே போகாத எதையும் அதில் போடக் கூடாது, காகிதம் உட்பட.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிக்குப் படகில் இடம் கிடையாது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை கொண்டு வாருங்கள். தளத்தில் கறை படியாத அடி கொண்ட செருப்பு, நீண்ட கை வைத்த மெல்லிய சட்டை, கயிறு கட்டிய தொப்பி, தலையில் மாட்டும் விளக்கு. விளக்கில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. இரவில் கண் கூசாது. சூரியத் தடுப்புக் களிம்பில் ஆக்ஸிபென்சோன் இல்லாததைப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்று பசிபிக் தீவு நாடான பலாவும் அமெரிக்க விர்ஜின் தீவுகளும் 2020இலிருந்து அதைத் தடை செய்துள்ளன.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். எது ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தலை சுற்றுகிறவரை அறைக்குள் படுக்க வைக்காதீர்கள். மேலே கூட்டி வந்து, சுக்கானைக் கையில் கொடுத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்குக் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது.

காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்குங்கள். சுருக்கலாமா என்று மனதில் தோன்றும் நிமிடமே சரியான நேரம். தூரத்தில் கறுத்த மேகமும் அதன் கீழே கடலில் வெள்ளைக் கோடும் தெரிந்தால் மழைக்காற்று வருகிறது. அது வந்து சேரப் பத்து நிமிடம்கூட இருக்காது. பாயை இறக்கி எஞ்சினைக் கிளப்பி, கடந்து போகும்வரை திறந்த கடலில் இருங்கள்.

கரைக்குப் போகும் சின்னப் படகில் எஞ்சின் நிறுத்தும் கயிறு எப்போதும் ஓட்டுகிறவரின் கையிலோ காலிலோ கட்டியிருக்க வேண்டும். கரையில் விட்டால் நீர்க்கோட்டுக்கு மேலே இழுத்துப் போட்டு, மரத்தில் கட்டுங்கள். கரீபியன் கடற்கரைகளில் சின்னப் பச்சை ஆப்பிள்போல் காய்க்கும் மஞ்சினீல் என்றொரு மரம் உண்டு. பழம் நஞ்சு, பாலும் தோலைப் பொசுக்கும். மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது. தூண்டிலில் பவளப்பாறை மீன், குறிப்பாகப் பெரிய பாரகுடா மாட்டினால், உள்ளூர் மீனவரிடம் கேட்காமல் சமைக்காதீர்கள். சிகுவாட்டெரா நச்சு சில மீன்களில் இருக்கும், எவ்வளவு வேக வைத்தாலும் போகாது.

கடைசி நாள் காலையில் எரிபொருள் நிரப்ப வரிசை நிற்கும். ஒப்படைக்கச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே துறைமுகத்துக்குள் வந்துவிடுங்கள். ஊர் திரும்பும் விமானத்தை மட்டும் மறுநாளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.